பெயரும் முகமும் இல்லாத உறைகள்

1975-ம் ஆண்டு. அமெரிக்காவின் பர்பேங்க் நகரில் உள்ள வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோ வளாகத்தில் கோட்டும் சூட்டும் போட்ட இரண்டு பேர் கைகுலுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் உடம்பு பற்றி எரிகிறது. அவர் ரோனி ராண்டெல் என்ற ஸ்டண்ட் கலைஞர். சூட்டுக்குள் தீக்காப்பு உடை அணிந்திருந்தும், காற்று தீயை முகத்தின் பக்கம் தள்ளிவிட, மீசை கருகிவிட்டது. இருவரும் இடம் மாறி நின்று மறுபடியும் படமெடுத்தார்கள். அச்சிடும்போது படத்தை இடவலமாகத் திருப்பிக்கொண்டார்கள்.

இத்தனையும் ஓர் இசைத்தட்டின் உறைக்காக!

பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பம் அது. கூட இல்லாமல் போன நண்பனைப் பற்றியும், சிரித்தபடி கைகொடுத்துக் கலைஞர்களை ஏமாற்றும் இசை வியாபாரத்தைப் பற்றியும் பேசும் பாடல்கள். அந்த வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டவர்களின் கோபம் முழுவதும் அந்த ஒரே படத்தில் இறங்கியிருக்கிறது. அதையும் கறுப்பு பிளாஸ்டிக் தாளால் மூடித்தான் கடைக்கு அனுப்பினார்கள். இல்லாமையைப் பாடும் ஆல்பத்தின் உறையும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்ற யோசனை.

யோசித்தவர்கள், ஸ்டார்ம் தோர்கர்சன், ஆப்ரி பவல் என்ற இரண்டு நண்பர்கள். 1968-ல் லண்டனில் 'ஹிப்னாசிஸ்' என்ற வடிவமைப்பு நிறுவனத்தைத் தொடங்கியவர்கள்.

படம் போட்ட உறை என்பதே 1940 வாக்கில் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் தொடங்கிவைத்த வழக்கம். அதற்கு முன் பெரும்பாலும் வெற்றுக் காகித உறைகள்தான். படம் விற்பனையைக் கூட்டும் என்று தெரிந்ததும், பாடகர் முகம் பெரிதாக, பெயர் எடுப்பாக என்பது நிறுவனங்களின் வாடிக்கையாகிவிட்டது. ஹிப்னாசிஸ் எதிர்த்து நின்றது அந்த வாடிக்கையைத்தான்.

1970-ல் வந்த, அதே பிங்க் ஃப்ளாய்டின் 'ஆட்டம் ஹார்ட் மதர்' ஆல்பத்துக்காக லண்டனுக்கு வெளியே போன தோர்கர்சன், மேய்ச்சல் நிலத்தில் கண்ணில் பட்ட ஒரு பசுவைப் படமெடுத்தார். உறையின் முன்பக்கம் அந்தப் பசு மட்டும்தான். குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. இசை நிறுவனத்துக்கு இது பிடிக்கவில்லை. ஆல்பமோ பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. கனவுக் காட்சிகளும் சுழலும் வண்ணங்களும் மலிந்திருந்த காலத்தில், எதற்கும் சம்பந்தமில்லாமல் திரும்பிப் பார்க்கும் பசுவைவிட வேறெது கடையில் நம்மை நிறுத்தியிருக்கும்?

1973-ல் வந்த 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' உறையின் முப்பட்டகம் உலகமே அறிந்தது. எளிமையாக ஏதாவது வேண்டும் என்று குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் கேட்க, ஓவியர் ஜார்ஜ் ஹார்டி வரைந்து கொடுத்தார். அந்த வானவில்லில் கருநீலம் கிடையாது, ஆறே நிறங்கள். உறையைத் திறந்தால், அதே ஒளிக்கோடு உள்ளே இதயத்துடிப்பின் கோடாக ஓடும்.

வரைவதைவிட, நினைத்ததை நிஜமாகவே நடத்திப் படமெடுப்பதில்தான் அவர்களுக்கு ஆசை. 1976 டிசம்பரில் 'அனிமல்ஸ்' ஆல்பத்துக்காக லண்டனின் பேட்டர்சீ அனல்மின் நிலையத்துக்கு மேலே ஒரு ராட்சதப் பன்றி பலூனைப் பறக்கவிட்டார்கள். பலூன் கயிற்றை அறுத்துக்கொண்டு, விமானங்கள் போகிற பாதையில் மிதந்து, கென்ட் பகுதியில் ஒரு பண்ணையில் போய் இறங்கியது. கடைசியில் ஒரு நாள் எடுத்த பன்றியை இன்னொரு நாள் எடுத்த வானத்தில் ஒட்டித்தான் உறை தயாரானது. முதலிலேயே ஒட்டியிருக்கலாமே என்று தோன்றலாம். ஆனால் அந்தப் புகைபோக்கிகளுக்கு நடுவே பன்றிக்கு இருக்கும் கனமும், அதன் மேல் விழும் குளிர்கால வெளிச்சமும் நிஜத்திலிருந்து மட்டுமே கிடைப்பவை.

1983-ல் ஹிப்னாசிஸ் முடிவுக்கு வந்தது. தோர்கர்சனின் பிடிவாதம் முடியவில்லை. 1987-ல் 'எ மொமென்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்' ஆல்பத்துக்காக டெவன் கடற்கரையில் சுமார் 700 மருத்துவமனைக் கட்டில்களை வரிசையாகப் போடவைத்தார். மழை வந்து கெடுத்ததும், அத்தனையையும் மறுபடி போட்டுப் படமெடுத்தார்.

அதற்குள் சி.டி. வந்து, ஓரடிக்கு ஓரடி இருந்த உறையை 12 சென்டிமீட்டருக்குச் சுருக்கியிருந்தது. இன்றைக்கு ஒற்றைப் பாடலின் உறையைக் கைபேசித் திரையில் விரல் நுனி அளவில்தான் பெரும்பாலோர் பார்க்கிறார்கள். சிறு எழுத்துகள் அந்த அளவில் படிக்கக் கிடைக்காது. குழுவின் பெயரையும் பாட்டின் பெயரையும் செயலியே பக்கத்தில் காட்டிவிடுகிறது. 1970-ல் சண்டை போட்டு வாங்கிய அந்தச் சுதந்திரம், பெயரே இல்லாத படம், இப்போது எந்த வடிவமைப்பாளருக்கும் கேட்காமலே கிடைக்கிறது.