எண்ணெயை உண்டு இரும்பைச் சுவாசிப்பவை

1979 ஆகஸ்ட் 20. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பெமிஜி என்ற சிறு நகருக்கு வடமேற்கே 16 கிலோமீட்டர் தொலைவில் ஒரு கச்சா எண்ணெய்க் குழாய் வெடித்தது. சுமார் 17 லட்சம் லிட்டர் எண்ணெய் வெளியே கொட்டியது. அழுத்தத்தோடு பீய்ச்சியடித்ததில் 7,500 சதுர மீட்டர் நிலம் நனைந்தது. ஒரு பகுதி வழிந்தோடிப் பக்கத்திலிருந்த சிறு சதுப்பை நோக்கிப் போய்த் தேங்கியது. தேங்கியதை இறைத்தார்கள். வாய்க்கால் வெட்டி வடித்தார்கள். எண்ணெய் ஊறிய மண்ணை அள்ளிச் சென்றார்கள். கொஞ்சத்தைக் கொளுத்தவும் செய்தார்கள். எல்லாம் முடிந்த பிறகும் சுமார் 4 லட்சம் லிட்டர் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது.

அந்த 4 லட்சம் லிட்டர் என்ன ஆனது என்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக விஞ்ஞானிகள் பின்தொடர்ந்து வருகிறார்கள். மண்ணில் கொட்டிய எரிபொருளை எப்படிச் சுத்தம் செய்வது என்ற கேள்விக்கு இன்று நம்மிடம் இருக்கும் விடையில் கணிசமான பகுதி அந்த ஒரு காட்டு நிலத்திலிருந்து கிடைத்தது.

மண்ணுக்குள் போன எண்ணெயை ஏன் முழுவதும் எடுக்க முடிவதில்லை? எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. மணல் வழியாக இறங்கி நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டதும் அதன்மேல் பரவி நிற்கும். ஆனால் அங்கே இருப்பது திறந்த குளமல்ல. மணல் துகள்களுக்கு நடுவே தலைமுடி அகலமுள்ள எண்ணற்ற இடுக்குகள். அவற்றில் காற்று, நீர், எண்ணெய் மூன்றும் இடத்துக்குப் போட்டியிடுகின்றன. மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறும்போது எண்ணெயும் ஏறும், இறங்கும்போது இறங்கும். போகும் வழியெல்லாம் சிறு சிறு துளிகளாக இடுக்குகளில் மாட்டிக்கொள்ளும். பம்பு எவ்வளவு இழுத்தாலும் பரப்பு இழுவிசை அந்தத் துளிகளை விடாது.

கொஞ்சம்தானே மிச்சம் என்று விட்டுவிடவும் முடியாது. இந்தியாவில் இன்று விற்கும் பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதம் வரை இருக்கலாம். குடிநீரில் பென்சீன் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன் 8 லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட நீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோய்விடும். 2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீரோடு பெட்ரோலிய எரிபொருளும் வந்தபோது மக்கள் பதறியதற்கு வாடை மட்டும் காரணமல்ல.

பெமிஜிக்குத் திரும்புவோம். 1983-ல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை அந்த இடத்தைத் திறந்தவெளி ஆய்வுக்களமாக எடுத்துக்கொண்டது. பனியாறுகள் உருகி ஓடியபோது படிந்த மணலும் சரளையும் கொண்ட நிலம் அது. நிலத்தடி நீர் அதன் வழியே மெல்ல நகர்ந்து, சுமார் 300 மீட்டர் தொலைவில் உள்ள ஒரு பெயரில்லாத ஏரியில் சேர்கிறது. நீர் போகும் வேகத்திலேயே எண்ணெயில் கரைந்த நஞ்சும் போயிருந்தால், 1990-களின் பிற்பகுதிக்குள் 500 மீட்டர் தூரம் பரவியிருக்க வேண்டும். ஏரி எப்போதோ கெட்டிருக்க வேண்டும். ஆனால் அப்போது அளந்து பார்த்தபோது கறைபட்ட நீர் சுமார் 200 மீட்டர்தான் போயிருந்தது. யாரும் தடுப்புச் சுவர் எழுப்பவில்லை, மருந்து எதையும் ஊற்றவில்லை.

தடுத்தவை அந்த மணலிலேயே வாழ்ந்த பாக்டீரியாக்கள். எண்ணெய் அவற்றுக்கு உணவு. பெட்ரோலியம் என்பது பழங்கால உயிர்களின் எச்சம்தான்; அதன் கார்பனை உடைத்து வாழத் தெரிந்த பாக்டீரியாக்கள் உலகின் ஏறக்குறைய எல்லா மண்ணிலும் சிறு எண்ணிக்கையில் காத்திருக்கின்றன. எண்ணெய் வந்ததும் பல்கிப் பெருகுகின்றன. இங்கேதான் ஒரு சிக்கல். உணவுக்குப் பஞ்சமில்லை, பஞ்சமெல்லாம் மூச்சுக்குத்தான். ஒரு கிராம் பென்சீனை முழுவதுமாக எரிக்க 3 கிராம் ஆக்சிஜன் வேண்டும். ஒரு லிட்டர் நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோ அதிகம் போனால் 10 மில்லிகிராம். அதாவது ஒரு கிராமுக்கு 300 லிட்டர் நீரின் ஆக்சிஜன் செலவாகும். எண்ணெய் தேங்கிய இடத்தைச் சுற்றி ஆக்சிஜன் மிக விரைவில் தீர்ந்துபோகும்.

நாமாக இருந்தால் அத்தோடு செத்தோம். பாக்டீரியாக்கள் வேறொன்றைச் சுவாசிக்கத் தொடங்குகின்றன. சுவாசம் என்பது அடிப்படையில் உணவிலிருந்து கழற்றிய எலக்ட்ரான்களை யாரிடமாவது ஒப்படைப்பது. நாம் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறோம். மண்ணுக்குள் ஆக்சிஜன் தீர்ந்ததும் நைட்ரேட்டிடம் ஒப்படைக்கும் பாக்டீரியாக்கள் தலையெடுக்கும். பிறகு மாங்கனீசு, இரும்பு, சல்பேட் என்று அடுத்தடுத்த கூட்டங்கள். ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் ஆற்றல் குறைந்துகொண்டே போகும், ஆனாலும் வேலை நிற்காது.

பெமிஜி மணலில் நைட்ரேட்டும் சல்பேட்டும் குறைவு. மணல் துகள்களின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்த இரும்புத் துருவோ நிறைய. 1987-ல் டெரக் லவ்லி என்ற நுண்ணுயிரியலாளர் வாஷிங்டன் நகரை ஒட்டி ஓடும் பொட்டோமாக் ஆற்றின் சேற்றிலிருந்து துருவைச் சுவாசிக்கும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்த செய்தியை வெளியிட்டிருந்தார். பின்னாளில் அதற்கு ஜியோபேக்டர் என்று பெயர் வந்தது. 1989-ல் அவரும் பெமிஜி ஆய்வாளர்களும் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை, ஆக்சிஜனே இல்லாத இடத்தில் டொலுவீன் போன்ற எண்ணெய்ச் சேர்மங்களை இரும்பின் துணையோடு இவை எரிக்கின்றன என்று காட்டியது. அதுவரை ஆக்சிஜன் இல்லாவிட்டால் இத்தகைய வளையச் சேர்மங்கள் அப்படியே கிடக்கும் என்றே பலர் நம்பியிருந்தார்கள்.

இதில் என்னை மிகவும் வியக்கவைப்பது ஒன்று. ஆக்சிஜன் செல்லுக்குள் நுழையும். துரு நுழையாது, அது கல்லோடு ஒட்டிய திடப்பொருள். எனவே இந்தப் பாக்டீரியா தன் எலக்ட்ரான்களை உடலுக்கு வெளியே கொண்டுபோய்த் துருவின்மேல் சேர்க்கிறது. இந்த இனத்தைச் சேர்ந்த சில பாக்டீரியாக்கள் அதற்காகப் புரத இழைகளையே வளர்க்கின்றன, மின்சாரம் கடத்தும் இழைகள். எலக்ட்ரான் பெற்ற துருவில் ஒரு பகுதி கரைந்து நீரோடு போகிறது. ஒரு பகுதி மாக்னடைட் என்ற காந்தக் கனிமமாக மாறுகிறது. பெமிஜியில் நீர்மட்டம் ஏறி இறங்கும் பட்டையில் எண்ணெய் படிந்த மணலின் காந்தத்தன்மை சுற்றியுள்ள மண்ணைவிடக் கூடியிருப்பதைக் கருவிகள் காட்டின. எண்ணெய் தின்னப்பட்ட தடயம் அங்கே காந்தமாகப் பதிந்திருக்கிறது.

துருவும் தீர்ந்த இடங்களில் இன்னொரு கூட்டம் எண்ணெயை மீத்தேனாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்கிறது. மீத்தேன் வாயு மணலின் வழியே மேலேறுகிறது. மேலிருந்து இறங்கும் காற்றை அது சந்திக்கும் ஆழத்தில் மீத்தேனை உண்ணும் பாக்டீரியாக்கள் காத்திருக்கின்றன; அவை அதையும் கார்பன் டை ஆக்சைடாக்கிவிடுகின்றன. அந்த எரிதலில் வெப்பம் பிறக்கிறது. எண்ணெய்த் தேக்கத்துக்கு மேலே உள்ள மண் சுற்றுப்புறத்தைவிட 2 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாக இருப்பதை அளந்திருக்கிறார்கள். கடைசியில் எண்ணெயின் கார்பனில் பெரும்பகுதி நீரோடு பக்கவாட்டில் போகவில்லை, தரை வழியே காற்றில் கலந்து போயிருக்கிறது. தரையில் ஒரு மூடியைக் கவிழ்த்து, வெளியேறும் கார்பன் டை ஆக்சைடை அளந்தே கீழே எவ்வளவு எண்ணெய் அழிகிறது என்று இன்று பல கசிவு இடங்களில் கணக்கிடுகிறார்கள்.

மூச்சுதான் பற்றாக்குறை என்றால் மூச்சைக் கொடுத்தால் என்ன? பெமிஜிக்கு முன்பே ஒருவர் இதைச் செய்து பார்த்திருந்தார். 1972-ல் பென்சில்வேனியாவின் ஆம்ப்ளரில் குழாயிலிருந்து பெட்ரோல் கசிந்தபோது, சன் ஆயில் நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ரேமண்ட் கிணறுகள் வழியே காற்றையும் நைட்ரஜன், பாஸ்பரஸ் உப்புகளையும் செலுத்தினார். புதிய பாக்டீரியா எதையும் அவர் கொண்டுவரவில்லை, அங்கேயே இருந்தவற்றைத்தான் ஊட்டினார். இன்றும் நிலத்தடியில் காற்றை ஊதுவது, மண்ணிலிருந்து பெட்ரோல் ஆவியை உறிஞ்சுவது, ஆக்சிஜனை மெல்ல விடும் பொடிகளைப் புதைப்பது என்று பல முறைகள் உண்டு. புட்டியில் அடைத்த 'எண்ணெய் தின்னும் பாக்டீரியா'வை விற்பவர்களும் உண்டு. எண்ணெய்க் கசிவைப் பொறுத்தவரை பெரும்பாலும் அது தேவையற்ற செலவு என்றே நினைக்கிறேன். அங்கே குறைவது பாக்டீரியா அல்ல.

பம்பும் தன் பங்குக்கு ஒரு பாடம் சொன்னது. 1999 முதல் 2003 வரை பெமிஜியில் குழாய் நிறுவனம் இரட்டைப் பம்பு முறையில் எண்ணெயை இறைத்தது. ஒரு பம்பு நீரை இறைத்து நீர்மட்டத்தைத் தாழ்த்தும், மற்றொன்று அங்கே வந்து சேரும் எண்ணெயை எடுக்கும். சுமார் 1,15,000 லிட்டர் கிடைத்தது; அப்போது மண்ணில் இருந்ததில் 36 முதல் 41 சதவீதம். சின்னத் தொகையல்ல. ஆனால் பம்புக் கிணறுகளை ஒட்டிய இடம் தவிர மற்றக் கிணறுகளில் எண்ணெயின் தடிமன் பெரிதாகக் குறையவில்லை. இறைத்த நீரை நீரோட்டத்தின் மேற்பக்கத்தில் மண்ணுக்குள் விட்டதால் அங்கே புதிதாக ஒரு கறை உருவாகி, ஆக்சிஜன் இல்லாத பகுதி இன்னும் விரிந்தது. எண்ணெய் வெளியே மிதக்கும் முதல் நாட்களில் பம்புக்கு ஈடு எதுவும் இல்லை. இடுக்குகளில் ஒடுங்கிய பிறகு அதற்கு அவ்வளவு வலிமை கிடையாது.

அப்படியானால் எல்லா இடத்திலும் பாக்டீரியாவிடம் விட்டுவிடலாமா? கூடாது. பெட்ரோலின் திறனைக் கூட்ட எம்.டி.பி.இ. என்ற பொருளை அமெரிக்காவில் கலந்தார்கள். நீரில் எளிதில் கரையும் அதை மண்ணின் பாக்டீரியாக்கள் சுலபத்தில் உடைப்பதில்லை. 1996-ல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிக்கா நகரம் தன் குடிநீரில் ஏறக்குறைய பாதியைத் தந்த கிணறுகளை அதனால் மூட வேண்டி வந்தது.

நிலத்தின் தன்மையும் முக்கியம். பெமிஜியின் மணலில் நீர் ஊர்ந்து போகிறது; பாக்டீரியாவுக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலத்தடி நீர் இருப்பது சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளிலும் குகைபோன்ற இடைவெளிகளிலும். அங்கே நீர் ஊராமல் ஓடும். வற்றாத ஆறு இல்லாத அந்த மண்ணில் கிணற்று நீரே குடிநீர், பாசன நீர், எல்லாம். அங்குள்ள சுன்னாகத்தில் மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2019-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று பெமிஜியைக் காட்டி அந்த மக்களிடம் யாரும் சொல்லிவிடக் கூடாது. வேறு நிலம், வேறு நீரோட்டம், குடிக்கும் வாய்கள் வேறு.

பெமிஜியிலும் கணக்கு இன்னும் முடியவில்லை. டொலுவீன் விரைவில் அழிந்தாலும், ஆக்சிஜன் இல்லாத நடுப்பகுதியில் பென்சீன் பிடிவாதமாக நிற்கிறது. இன்னொரு விளைவு 2016-ல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. மணல்மேல் படிந்த துருவோடு இயற்கையான ஆர்செனிக்கும் ஒட்டியிருக்கிறது. பாக்டீரியா துருவைச் சுவாசித்துக் கரைக்கும்போது பிடி விட்டுப்போன ஆர்செனிக் நீருக்குள் வருகிறது. சில இடங்களில் லிட்டருக்கு 230 மைக்ரோகிராம் வரை அளந்தார்கள். குடிநீருக்கான வரம்பு 10. கறையின் வெளி விளிம்பில் இரும்பு மறுபடி படியும்போது ஆர்செனிக்கும் அதோடு பிடிபடுகிறது என்பது ஆறுதல். ஆனால் விளிம்பு நகரும்போது அதுவும் நகரும். ஆகவே எரிபொருள் கசிந்த இடத்துக் கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்புகிறவர்கள், எரிபொருளில் தேட வேண்டியவற்றோடு ஆர்செனிக்கையும் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கிறது.