ஆங்கில விவிலியம் பலவாக இருப்பது ஏன்?

கிறிஸ்தவர்களின் வேதநூலான விவிலியம் ஆங்கிலத்தில் பல மொழிபெயர்ப்புகளாக வழங்குகின்றது. இதனைக் காணும் பிற சமயத்தவர், விவிலியங்களே பலவோ என ஐயுறுவது இயல்பு. அந்த ஐயம் சில வேளைகளில் ஏளனமாகவும் மாறிவிடுகின்றது. பல சமயத்தவரும் அயலவராக வாழும் எமது நாட்டில், இதற்கான காரணங்களை அறிந்திருத்தல் அவசியமென நாம் கருதுகின்றோம்.

விவிலியத்தின் பழைய ஏற்பாடு பெரும்பாலும் எபிரேய மொழியிலும், சிறு பகுதி அரமேய மொழியிலும் எழுதப்பட்டது. புதிய ஏற்பாட்டின் மொழி கிரேக்கம். மூலச் சொல்லுக்கு எந்த ஆங்கிலச் சொல்லைத் தெரிவது என்பதே முதற் சிக்கலாகும். வில்லியம் ரின்டேல் 1526 இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில், 'திருச்சபை' என வழங்கிய இடத்தில் 'கூடியிருப்போர்' என்ற பொருள்தரும் சொல்லைக் கையாண்டார். திருச்சபையின் அதிகாரத்தையே இது அசைப்பதாக தோமஸ் மோர் போன்றோர் கண்டித்தனர். பின்னர் மதபேதக் குற்றஞ்சாட்டப்பட்ட ரின்டேலுக்கு 1536 இல் பிரசல்ஸ் அருகே மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. எனினும், மன்னர் முதலாம் ஜேம்ஸின் ஆதரவுடன் 1611 இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு, அவரது வாசகங்களைப் பெருமளவில் ஏற்றுக்கொண்டமை வரலாற்றின் விந்தையே.

இரண்டாவது காரணம் ஆங்கிலத்தின் மாற்றமாகும். 1611 ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் 'லெட்' என்னும் சொல் சில இடங்களில் 'தடைசெய்' என்ற பொருளில் வருகின்றது. இன்று அதன் பொருள் 'அனுமதி' என்பதாகும். இத்தகைய சொற்கள் வாசகரை நேர் எதிரான கருத்துக்கே இட்டுச்செல்லக் கூடியவை.

மூன்றாவது, பழைய கையெழுத்துப் பிரதிகளின் கண்டுபிடிப்பு. 1611 இன் அறிஞர்கள் பிற்காலக் கிரேக்கப் பிரதிகளைத் தழுவிய பதிப்புகளையே பயன்படுத்தினர். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய் பிரதி 19 ஆம் நூற்றாண்டிலேயே ஆய்வாளர் கைக்கு எட்டியது. மாற்கு நற்செய்தியின் இறுதி 12 வசனங்கள் அதில் இல்லை. 1947 முதல் கிடைத்த சாக்கடல் சுருள்களோ, அதுவரை அறியப்பட்ட எபிரேயப் பிரதிகளிலும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் முந்தியவை. இவ்வேறுபாடுகளைப் புதிய மொழிபெயர்ப்புகள் பலவும் மறைப்பதில்லை. அடிக்குறிப்புகளில் வெளிப்படையாகவே தருகின்றன.

இவற்றுடன் நோக்கமும் வேறுபடுகின்றது. 1952 இல் முழுமை பெற்ற திருத்தப் பதிப்பு மூலத்தின் சொல்லமைப்பை ஒட்டிச் செல்கின்றது. 1976 இல் முழுமையாக வெளிவந்த 'குட் நியூஸ்' பதிப்பு, எளிய நடையில் கருத்தைத் தருவதையே முதன்மையாகக் கொண்டது. கத்தோலிக்கர் 73 நூல்களையும் புரட்டஸ்தாந்தினர் 66 நூல்களையும் ஏற்பதால், பதிப்புகளின் அளவிலும் வேறுபாடு காணப்படுகின்றது. பதிப்பகங்களின் வணிகப் போட்டியும் இதில் பங்கு வகிக்கின்றது என்பதை மறுப்பதற்கில்லை.

திருக்குர்ஆனுக்கும் பிக்தால், யூசுப் அலி உட்படப் பலரது ஆங்கில மொழிபெயர்ப்புகள் உள்ளன. ஆயினும் முஸ்லிம்களுக்கு அரபு மூலமே குர்ஆன். மொழிபெயர்ப்பு அதன் பொருள் விளக்கம் மாத்திரமே. தொழுகையில் ஓதப்படுவதும் அந்த மூலமே. கிறிஸ்தவர்களோ தமது மொழியிலுள்ள மொழிபெயர்ப்பையே வேதமாக வழிபாட்டில் வாசிக்கின்றனர். ஆகவேதான் ஒரு சொல்லின் தெரிவும் அவர்களிடையே பெரும் விவாதமாகின்றது. மொழிபெயர்ப்புகள் பலவாயிருப்பதை மாத்திரம் கொண்டு ஒரு சமயத்தவரின் வேதத்தை எடைபோடுதல் முறையாகாது. அயலவரின் நூலைப் பற்றிப் பேசுமுன் அதன் வரலாற்றை அறிந்து பேசுவதே அறிவுடைமையாகும்.