புல்வெளியில் கோதுமை விதைத்த அமைச்சர்

டெல்லி புசா ரோட்டின் பெயர் பீகாரிலிருந்து வந்தது. 1934 நிலநடுக்கத்தில் புசா என்ற ஊரிலிருந்த வேளாண் ஆராய்ச்சிக் கழகம் இடிய, 1936இல் டெல்லிக்குக் குடிபெயர்ந்தது.

தேர்தல் அரசியல் ஐந்தாண்டுக்கு அப்பால் பார்க்காது என்பார்கள். உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் பார்த்தார். எம்.எஸ். சுவாமிநாதன் போன்ற புசா விஞ்ஞானிகளை நம்பி, 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதையை இறக்கினார். எதிர்ப்பு பலமாக இருந்தது. மனிதர் அசரவில்லை, தன் பங்களாப் புல்வெளியையே உழுது அந்தக் கோதுமையை விதைத்தார்.

1967 தேர்தலில் தமிழ்நாட்டில் நின்று தோற்றார். அங்கே அப்போது அரிசித் தட்டுப்பாடுதானே பேச்சு!

மறு ஆண்டே கோதுமை விளைச்சல் சாதனை படைத்தது. அதைக் கொண்டாட இந்திரா காந்தி அரசு தபால்தலை வெளியிட்டது. ஆனால், பாசனத்தை நம்பிய இந்த விவசாயத்தால் பஞ்சாபில் நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போவதும் அதே முடிவின் தொடர்ச்சிதான். அந்தக் கணக்கை அன்று போட்டவர்கள் மிகச் சிலரே.

சுப்பிரமணியத்துக்குப் பாரத ரத்னா 1998இல் கிடைத்தது.