எழுத்துப் புரியாத பெட்டியில் எந்த விளையாட்டு?



பெருநாள் காசு கையில் சேர்ந்ததும் பிள்ளைகளின் கால்கள் எங்கே ஓடுகின்றன? காத்தான்குடியானாலும் ஏறாவூரானாலும் ஓட்டமாவடியானாலும் விளையாட்டுச் சாமான் கடைக்குத்தான்! அங்கே உள்ளங்கை அளவில் ஒரு கேம் பெட்டி. "உள்ளே 400 விளையாட்டு இருக்கு" என்கிறார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் ஒன்றில் ஆங்கிலம், இன்னொன்றில் ஜப்பான் எழுத்து. பிள்ளை விழிக்கிறது. உம்மாவோ, "எனக்கு இங்கிலிஸ் விளங்காது மகன், நீயே பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறார்.

அந்த ஒரு வார்த்தையோடு பெட்டி பிள்ளைக்கு மட்டுமே சொந்தமாகிவிடுகிறது. அதற்குள் என்ன இருக்கிறது, எதில் பிள்ளை பொழுதைக் கழிக்கிறது என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் இந்தப் பழைய விளையாட்டுகளில் நல்லவை பலவற்றுக்கு மொழியே தேவையில்லை என்பது எத்தனை உம்மாமாருக்குத் தெரியும்?

இந்தப் பெட்டிகளின் கதை ஜப்பானில் தொடங்குகிறது. நிண்டெண்டோ கம்பெனி 1983இல் 'ஃபமிகொம்' என்ற இயந்திரத்தை வெளியிட்டது. 1985இல் அது வேறு பெயரில் அமெரிக்காவுக்குப் போனது. அதைப் பார்த்துச் செய்த நகல்களே நம் பக்கத்து நாடுகளில் 'டீவி கேம்' என்ற பெயரில் பரவின. இன்று கையடக்கப் பெட்டிகளில் வருபவையும் பெரும்பாலும் அதே பழைய விளையாட்டுகள்தாம்.

அவற்றுள் சிலவற்றைப் பாருங்கள். 'பாக்மேன்' 1980இல் வந்தது. வட்டமான ஒரு வாய், பாதையில் கிடக்கும் புள்ளிகளைத் தின்றுகொண்டே போக வேண்டும். நான்கு பேய்களிடம் அகப்படக் கூடாது. இதைச் செய்த தோரு இவதானி, பெண்களும் விரும்பி விளையாட வேண்டும் என்று எண்ணியே உண்பதைக் கருவாக எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். 'டெட்ரிஸ்' 1980களின் நடுவில் மொஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் என்பவர் உருவாக்கியது. நான்கு சதுரங்கள் சேர்ந்த ஏழு வகைக் கட்டிகள் மேலிருந்து விழும். இடைவெளி விடாமல் அடுக்க வேண்டும். அலுமாரியில் சாமான் அடுக்கத் தெரிந்த மூத்தம்மாவுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்? ஜப்பானில் 1982இல் வந்த 'சோகோபன்' களஞ்சியக் காப்பாளர் ஒருவர் பெட்டிகளை அவற்றின் இடத்துக்குத் தள்ளும் விளையாட்டு. தள்ளலாம், இழுக்க முடியாது. நிதானம் கற்பிக்கும் நல்ல ஆசான் அது!

1985இல் வந்த 'சூப்பர் மேரியோ' இன்னும் வியப்பானது. முதல் காட்சியில் ஆள் இடது பக்கம் நிற்பான். வலது பக்கம் வெட்டவெளி. எந்தப் பக்கம் போவது என்பதைக் கண்ணே சொல்லிவிடும். எதிரே ஒரு பிராணி வரும். மோதினால் உயிர் போகும். மறுமுறை பிள்ளை தானாகவே குதிக்கும். ஓர் எழுத்தும் இல்லாமல் பாடம் நடந்துவிட்டது!

இதற்கு மாறானவையும் உண்டு. 1986இல் ஜப்பானில் வந்த 'டிராகன் குவெஸ்ட்' ஊர் ஊராகப் போய் ஆட்களுடன் பேசி நடத்தும் கதை. விட்ட இடத்தில் மறுபடி தொடங்க 20 ஜப்பான் எழுத்துகளைப் பிழையின்றிப் பதிய வேண்டும். விளையாட்டு நல்லதுதான், ஆனால் எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு அது பூட்டிய கதவு.

அப்படியானால் எப்படித் தெரிவு செய்வது? நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, பிள்ளைக்கு எதுவும் சொல்லாமல் ஐந்து நிமிடம் விளையாட விடுங்கள். எது உணவு, எது எதிரி, ஏன் தோற்றோம் என்று பிள்ளையால் சொல்ல முடிந்தால் அது நல்ல விளையாட்டு.

இரண்டாவது, அடிக்கடி ஆட்டம் நின்று எழுத்துக் கட்டம் தோன்றுகிறதா? விட்டுவிடுங்கள். இலக்கங்கள் மட்டும் தோன்றினால் பயமில்லை. அந்த 1, 2, 3 இந்தியாவில் பிறந்து, அரபு அறிஞர்கள் வழியாக ஐரோப்பா சென்றவை. ஜப்பான் விளையாட்டிலும் அவை நமக்குப் புரிகின்றன.

மூன்றாவது, நடுவில் நிறுத்த முடிகிறதா? இவற்றில் பலவற்றில் 'ஸ்டார்ட்' பட்டனை அழுத்தினால் ஆட்டம் அப்படியே நிற்கும். பாங்கு சொன்னதும் நிறுத்திவிட்டுத் தொழுகைக்கு எழும்ப அது உதவும்.

நான்காவது, உள்ளே இருப்பவற்றை நீங்களே ஒரு முறை பாருங்கள். பல விளையாட்டுகளை அடக்கிய பெட்டிகளில் சூதாட்ட இயந்திரத்தைப் போன்றவையும், ஆபாசப் படம் உள்ளவையும் கலந்திருக்கலாம். பட்டியலில் உள்ள பெயர் அதைக் காட்டிக்கொடுக்காது. சூது விலக்கப்பட்டது என்பதை ஸூரத்துல் மாயிதாவின் 90ஆம் வசனத்தில் ஓதும் நாம், அதன் ருசியைப் பிள்ளைக்கு விளையாட்டாகக்கூடப் பழக்கலாமா?

பார்த்ததை மறந்துவிடாமலிருக்க ஒரு கொப்பி போதும். பட்டியலில் உள்ள இலக்கத்தை எழுதி, பக்கத்தில் தமிழில் ஒரு பெயரை நீங்களே வையுங்கள்: "17 - பெட்டி தள்ளுதல்", "42 - புள்ளி தின்னி". ஆகாதவற்றுக்கு ஒரு கோடு. 400இல் பத்துத் தேறினால் தாராளம். ஆங்கிலம் படிக்கும் மூத்த பிள்ளைக்கு, சில சொற்கள் மட்டும் வரும் விளையாட்டு ஒன்றையும் சேர்க்கலாம். புதுச் சொற்கள் பழகும்.

சகோதரிகளே! ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கிடையே துணியால் சிறகு வைத்த குதிரை ஒன்று இருந்ததை அபூதாவூதில் வரும் ஹதீஸ் கூறுகிறது. நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டும் காணாமல் போகவில்லை. இது என்ன, இதன் மேல் இருப்பது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்தனவே என்ற பதிலைக் கேட்டுக் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். உம்மத்தின் பாரத்தைச் சுமந்த அவர்களுக்கே அதற்கு நேரம் இருந்ததென்றால், நமக்கு இல்லையா?

மனிதரின் மொழிகள் வேறுபட்டிருப்பதை அல்லாஹ் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக ஸூரத்துர் ரூமில் கூறுகிறான். அந்த வேறுபாட்டைக் காரணம் காட்டி நம் பிள்ளையிடமிருந்து நாமே விலகிக்கொள்ளலாமா? மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் வீடு பெண்ணின் பெயரில் இருப்பதே வழமை. அந்த வீட்டுக்குள் நுழையும் பெட்டி எதுவென்று பார்ப்பதும் அவளுடைய உரிமைதான். அஸருக்குப் பின் கால் மணி நேரம் பிள்ளையின் பக்கத்தில் அமருங்கள். "இது என்ன மகன்?" என்று கேளுங்கள். அவன் தமிழில்தான் பதில் சொல்வான்!

நம் பிள்ளைகளின் பொழுதுகளை அல்லாஹ் நலமாக்கி வைப்பானாக! ஆமீன்.