பஜ்ஜித் தாளும் கடலடிச் சேறும்

எங்கள் தெருமுனை டீக்கடையில் பஜ்ஜியைக் கிழித்த செய்தித்தாள் துண்டில்தான் வைத்துத் தருவார்கள். அண்ணாச்சி எண்ணெயை அதிலேயே ஒற்றி எடுத்துவிட்டுத் தாளை விரித்துப் படிப்பார். முப்பது வருஷம் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். கை ஓய்ந்தாலும் கண் ஓயவில்லை.

“தம்பி, கடலுக்கு அடியில சேத்துக்குள்ள கெடக்குற நுண்ணுயிரப் பத்திச் சொன்னீங்களே. அதை வளர்க்க முடியலன்னும் நீங்களே சொல்றீங்க. பொறவு அது என்ன திங்கும், யாருக்குச் சொந்தம்னு எப்படிச் சொல்லுதாங்க?”

நல்ல கேள்வி. இரண்டாவது டீ சொல்லிவிட்டுத் தொடங்கினேன்.

வீட்டில் பாலுக்கு உறை ஊற்றுகிறோம். வெதுவெதுப்பான பால், ஒரு கரண்டி மோர், ஒரு ராத்திரி. அந்தச் சூடும் சாப்பாடும் பிடித்துப்போன பாக்டீரியா பெருகுகிறது. ஆய்வகத்திலும் இதே வேலைதான்: தட்டில் சத்துக்கூழைப் பரப்பி அதில் மண்ணையோ நீரையோ தடவி வைப்பார்கள். ஆனால் நுண்ணோக்கியில் எண்ணினால் நூறு தெரிகிற இடத்தில் தட்டில் ஒன்று முளைப்பதே அரிது. இந்த முரண்பாட்டை 1985இல் ஸ்டேலி, கொனோப்கா என்ற இரு நுண்ணுயிரியலாளர்கள் விரிவாக எடுத்துக்காட்டினார்கள்.

கடலடிச் சேற்றில் நிலைமை இன்னும் மோசம். வெளிச்சம் இல்லை. பல இடங்களில் சேற்றுக்குள் கொஞ்சம் இறங்கினாலே ஆக்சிஜனும் இல்லை. மேலே வாழ்ந்து செத்தவற்றின் மிச்சம் மெல்ல வந்து படிவதுதான் சாப்பாடு. ஆழத்தில் இருக்கும் ஒரு செல் இரண்டாகப் பல ஆண்டுகள்கூட ஆகலாம். அப்படிப்பட்டதற்குத் தட்டு நிறைய விருந்து வைத்தாலும் ஒட்டாது. இவற்றில் பல, பக்கத்து வீட்டாரை நம்பியே பிழைப்பவை. தனியே பிரித்தால் பிழைக்காது. ஆனாலும் கூட்டம் சின்னதல்ல. 2012இல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி, கடலடி மண்ணில் இருக்கும் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 3 எழுதி 29 சுழியம் போட்டால் வருவது. அங்கே எங்கும் பரவிக்கிடக்கும் ஒரு பாக்டீரியாக் குழுவுக்கு நெடுங்காலம் ‘ஜே.எஸ்.1’ என்ற குறியீடுதான் பெயர்.

வளர்க்க முடியாவிட்டால் என்ன செய்வது? வாசிக்கலாம். சேற்றை அள்ளி, அதிலுள்ள எல்லா செல்களையும் உடைத்து, டி.என்.ஏ.வை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். அதைப் பொடிப்பொடியான துண்டுகளாகத்தான் கருவி படிக்கும். ஒரு துண்டில் நூறு, இருநூறு எழுத்து. அப்படிக் கோடிக்கணக்கான துண்டுகள், ஆயிரக்கணக்கான உயிர்களுடையவை, ஒன்றாகக் கலந்து கிடக்கும்.

அண்ணாச்சியின் கையில் இருந்த தாளைக் காட்டினேன். “பத்துப் பத்திரிகை, ஒவ்வொண்ணுலயும் பல பிரதி. எல்லாத்தையும் கிழிச்சு ஒரே சாக்குல போட்டாச்சு. எப்படிப் பிரிப்பீங்க?”

“ஒவ்வொரு பிரதியும் ஒவ்வொரு இடத்துல கிழிஞ்சிருக்கும்லா? ஒரு துண்டோட கடைசி வரி இன்னொரு துண்டோட முதல் வரியா இருக்கும். அதை வச்சு ஒட்டிக்கிட்டே போகலாம்.”

முதல் படி அதுவேதான். இப்படி ஒட்டி ஒட்டி நீளமான பட்டைகள் கிடைக்கும். அடுத்து, எந்தப் பட்டை எந்தப் பத்திரிகை?

“எழுத்தப் பார்த்தாத் தெரியாதா? ஒவ்வொரு அச்சகத்துக்கும் ஒரு முகம் உண்டு தம்பி.”

டி.என்.ஏ.வுக்கும் முகம் உண்டு. நான்கு எழுத்துகள் சேர்ந்து வரும் கூட்டு எது அதிகம், எது குறைவு என்பது உயிருக்கு உயிர் மாறும். இன்னொரு தடயம், எண்ணிக்கை. அதிகம் விற்கிற பத்திரிகையின் துண்டு சாக்கில் அதிகம் இருக்கும். ஒரே உயிரின் பட்டைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வரும். இந்த இரண்டையும் வைத்துப் பட்டைகளை மூட்டை மூட்டையாகக் கட்டுகிறார்கள். ஒரு மூட்டை, ஒரு உயிரின் மரபணுத் தொகுதி. கலிபோர்னியாவில் ஒரு பழைய சுரங்கத்தின் அமில நீரில் ஜில்லியன் பான்ஃபீல்டின் குழு 2004இல் இதைச் செய்துகாட்டியது. அங்கே வசித்தவை சில இனங்களே என்பதால் வேலை சற்று எளிது. கடலடிச் சேறு பெருநகரம்.

அந்தப் பெருநகரத்தில் கிடைத்த பெரிய புதையல் லோகி என்ற நுண்ணுயிர். நார்வேக்கும் கிரீன்லாந்துக்கும் இடையே, ஆர்க்டிக் கடலடியில் வெந்நீர் ஊற்றுகள் உள்ள ஓரிடத்துக்கு ‘லோகியின் கோட்டை’ என்று பெயர். அதிலிருந்து 15 கிலோமீட்டர் தள்ளி, 3,283 மீட்டர் ஆழத்தில் எடுத்த சேற்றை ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் தைஸ் எட்டெமாவின் குழு வாசித்து, 2015இல் முடிவை வெளியிட்டது. மூட்டையில் இருந்தது பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா. பார்க்க பாக்டீரியா போலவே இருந்தாலும் அது தனிக் குடும்பம் என்று 1977இல் கார்ல் வோஸ் பிரித்துக்காட்டிய வகை. லோகியில் 5,381 புரதங்களுக்கான குறிப்புகள். அவற்றில் 175, உட்கரு உள்ள செல்களின் புரதங்களுக்கு நெருக்கமானவை. உட்கரு உள்ள செல் என்றால் வாழையும் காளானும் நீங்களும் நானும். நம் செல்களின் மூதாதை இதன் உறவுக்காரரிடமிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்றார்கள்.

அண்ணாச்சி கிளாஸைக் கீழே வைத்தார். “வேற பத்திரிகைத் துண்டு தவறி இதுல ஒட்டியிருந்தா?”

பிழை பார்த்துப் பழகிய கண். இதே சந்தேகத்தை 2017இல் சில ஆய்வாளர்கள் எழுப்பினார்கள். சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஒரு நாள் பத்திரிகைக்கு முகப்புத் தலைப்பு ஒன்றுதான். அதுபோல ஓர் உயிருக்கு ஒருமுறை மட்டுமே இருக்கவேண்டிய மரபணுக்கள் சில உண்டு. அவை மூட்டையில் இல்லையென்றால் வாசிப்பு முழுமையாகவில்லை. இரண்டு இருந்தால் கலப்பு. லோகியின் மூட்டை 92 சதவீதம் நிறைந்திருந்தது. சில தலைப்புகள் ஒன்றுக்கு மேலும் இருந்தன. நெருங்கிய சொந்தங்கள் சில அதில் சேர்ந்துவிட்டிருந்தன.

கலப்பே இல்லாவிட்டாலும் இன்னொரு சிக்கல் மிச்சம். மரபணுத் தொகுதி என்பது அடுக்களைப் பாத்திரங்களின் பட்டியல். இட்லிக் கொப்பரை இருக்கிறது என்று தெரியும். இன்று இட்லி அவித்தார்களா என்று தெரியாது. லோகியிடம் ஹைட்ரஜனைக் கையாளும் நொதிகள் இருந்தன. அதை வைத்து, இது ஹைட்ரஜனை உண்டு வாழும் உயிர் என்று 2016இல் ஒரு குழு எழுதியது. அப்படிப்பட்ட நொதிகளில் பல, ஹைட்ரஜனை எடுக்கவும் செய்யும், வெளியே விடவும் செய்யும். எது நடக்கிறது என்று சொல்ல உயிரோடு ஒன்று வேண்டும்.

அது ஜப்பானில் ஒரு கலனுக்குள் ஏற்கெனவே இருந்தது. 2006இல் ஷின்காய் 6500 என்ற நீர்மூழ்கி, நான்காய் அகழிப் பகுதியில் 2,533 மீட்டர் ஆழத்திலிருந்து சேறு எடுத்துவந்தது. ஹிரோயுகி இமாச்சியும் கூட்டாளிகளும், கழிவுநீர் சுத்திகரிப்பில் புழங்கும் தொங்கும் பஞ்சு முறையைக் கடன் வாங்கி, அந்தச் சேற்றுக்கு மீத்தேன் கொடுத்து 10 டிகிரி குளிரில் 2,000 நாட்களுக்கு மேல் வைத்திருந்தார்கள். பிறகு சின்னக் கண்ணாடிக் குழாய்களுக்கு மாற்றி, அமினோ அமிலங்கள் கொடுத்து, பாக்டீரியாவை மருந்தால் அடக்கினார்கள். புதுக் குழாயில் ஒன்று இரண்டு மாதம் அசைவே இருக்காது. இரட்டிப்பாக 14 முதல் 25 நாட்கள்.

2020இல் கட்டுரை வந்தபோது பன்னிரண்டு ஆண்டு உழைப்பு அதில் இருந்தது. லோகியின் சொந்தக்காரரான அந்த உயிருக்கு, மண்ணைப் பிசைந்து மனிதனைச் செய்த கிரேக்கத் தேவன் புரொமீத்தியஸின் பெயரை வைத்தார்கள். உட்கரு உள்ள செல்களுடையவற்றை ஒத்த மரபணுக்கள் அதன் முழுமையான ஒற்றை வளையத்திலேயே இருந்தன. துண்டு மாறி ஒட்டிய சந்தேகத்துக்கு அங்கே இடமில்லை. அது அமினோ அமிலங்களை உண்டது. ஹைட்ரஜனை வெளியே விட்டது. பக்கத்தில் வசிக்கும் மீத்தேன் செய்யும் நுண்ணுயிர் அதை எடுத்துக்கொள்ளும். எடுக்காவிட்டால் இதன் பிழைப்பு நின்றுபோகும். உள்ளே அறை தடுப்பு எதுவும் தெரியாத சின்ன உருண்டை அது. ஆனால் உடலிலிருந்து நீளமான கைகள் கிளைத்துப் போயிருந்தன. அந்தக் கைகளைப் பட்டியல் சொல்லியிருக்கவில்லை.

“அப்ப சேத்த அள்ளுனப்பவே இதைத்தான் தேடுனாங்களா?”

“இல்ல அண்ணாச்சி. மீத்தேன் திங்கிறதத்தான் தேடுனாங்க. 2006இல லோகிங்கிற பேரே கெடையாது. ஸ்வீடன்காரங்க வாசிச்சுச் சொன்ன பொறவுதான், தங்களோட குழாய்ல இருக்கிறது எவ்வளவு பெரிய சொந்தம்னு எல்லாருக்கும் புரிஞ்சது.”

அண்ணாச்சி பஜ்ஜித் தாளின் கிழிந்த ஓரத்தை விரலால் நீவினார். செய்தி பாதியில் நின்றிருந்தது. கடைக்காரரிடம் கேட்டார்: “தம்பி, இதோட மத்தத் துண்டு கெடக்கா?”