நீங்களே எடுத்துச் சாப்பிடுங்க: கூட்டங்களுக்கு ஒரு சத்தான காலை உணவு மேசை

ஆகஸ்ட் 7 தேசிய கைத்தறி நாள். 1905-ல் கொல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கியதன் நினைவாக, 2015 முதல் இது கொண்டாடப்படுகிறது. முதல் விழா நடந்தது நம்ம சென்னையில்தான். இந்த நாளிலோ, சங்கக் கூட்டத்திலோ, பயிற்சி வகுப்பிலோ, காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றம் போன்ற நெசவு ஊர்களில் காலையிலேயே ஐம்பது பேர் கூடினால் என்ன டிபன் கொடுப்பீர்கள்? பெரும்பாலும் கேசரி, வடை, காபிதான்.

தறியில் மணிக்கணக்கில் உட்கார்ந்து நெய்பவர். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர். கையில் கொடுத்த கேசரியை அவர் என்ன செய்வார்? வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு சாப்பிட்டுவிடுவார். அவரவருக்குத் தேவையானதைத் தாங்களே கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளும் மேசை ஒன்று இருந்தால் இந்தச் சங்கடமே இல்லை.

முதலில் கணக்கு

இரண்டு நாள் முன்னாடியே வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாக்கெடுப்பு போடுங்கள். "யாருக்கு சர்க்கரை இருக்கு?" என்று கேட்காதீர்கள், நாலு பேர் பார்க்கும் இடத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். "முட்டை வேண்டுமா?", "வெங்காயம், பூண்டு இல்லாதது வேண்டுமா?" என்று கேட்டால் போதும். திரைலோக்கியநாதர் சமணக் கோயில் இருக்கும் ஊரில் இரண்டாவது கேள்வி ரொம்ப முக்கியம்.

50 பேருக்குத் தோராயமாக:

• தினை அல்லது சாமை 2.5 கிலோ, பாசிப்பருப்பு 750 கிராம் (பொங்கலுக்கு)
• கொண்டைக்கடலை அல்லது பச்சைப்பயறு 1.5 கிலோ (சுண்டலுக்கு)
• தயிர் 5 லிட்டர்
• வெள்ளரி, கேரட், கொய்யா, பப்பாளி எல்லாம் சேர்த்து 5 கிலோ
• வறுத்த வேர்க்கடலை அரை கிலோ
• அவித்த முட்டை, கேட்டவர்களின் எண்ணிக்கைப்படி

காஞ்சிபுரம் இட்லிக்குப் போடுகிற மிளகு, சீரகம், சுக்கையே பொங்கலுக்கும் போடலாம். முளைகட்டிய பயறு வைப்பதாக இருந்தால் பச்சையாக வேண்டாம், ஆவியில் வேக வையுங்கள்.

மேசையை எப்படி அடுக்குவது?

வரிசையில் முதலில் இருப்பதைத்தான் எல்லோரும் அதிகமாக எடுப்பார்கள். அதனால் காய், பழம், சுண்டல் முதலில், அடுத்து முட்டை, தயிர், அதற்கப்புறம் பொங்கல். வேர்க்கடலை, நெய், உப்பு, வெல்லம் கடைசியில், சின்னக் கரண்டியோடு. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சமைக்கும்போதே உப்பைக் குறைத்துவிடுங்கள்.

சிறுதானியம்தானே என்று அளவில்லாமல் சாப்பிடக் கூடாது; அதிலும் மாவுச்சத்து உண்டு. பொங்கலுக்கு ஒரு கரண்டி என்றால், சுண்டலும் காயும் இரண்டு கரண்டி.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முன்னால் பெரிய எழுத்தில் ஒரு அட்டை வையுங்கள்: என்ன உணவு, வெல்லம் உண்டா, பால் உண்டா, வேர்க்கடலை உண்டா. வேர்க்கடலை சிலருக்கு ஒவ்வாது. அதன் கரண்டி வேறு பாத்திரத்துக்குப் போகக் கூடாது.

சூடும் குளிர்ச்சியும்

சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல், தயிரும் வெட்டிய பழமும் 5 டிகிரிக்குக் கீழ் இருக்க வேண்டும். பொங்கல் பாத்திரத்தை வெந்நீர்த் தொட்டியிலும், தயிர், பழப் பாத்திரங்களை ஐஸ் நிரப்பிய தட்டிலும் வையுங்கள். வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்துவிட்டால் யாருக்கும் கொடுக்க வேண்டாம். முந்தின இரவே சமைத்து வெளியில் வைத்து, காலையில் சூடாக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். சில கிருமிகள் உண்டாக்கும் நச்சு, மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது.

சமையல்காரரை வெளியிலிருந்து அழைத்தால், அவருடைய 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிமம் அல்லது பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அது சரியான எண்தானா என்று செல்போனிலேயே 'ஃபாஸ்காஸ்' இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். உணவில் குறை இருந்தால் 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியில் புகார் செய்யலாம்.

கிண்ணமும் கைகழுவும் இடமும்

பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், தட்டு எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. பாக்கு மட்டைக் கிண்ணம், மந்தார இலைத் தொன்னை, அல்லது கழுவிப் பயன்படுத்தும் எவர்சில்வர் கிண்ணம் வையுங்கள். மேசைக்கு முன்னால் ஒரு கைகழுவும் இடம், பின்னால் சோப்போடு இன்னொன்று. நெய் பட்ட விரலோடு பட்டு நூலைத் தொட்டால் கறைதான் மிச்சம். நெசவாளருக்குச் சொல்லவே வேண்டாம்.

நேரம் தவறக் கூடாது

எல்லாம் சரியாகச் செய்தும், தலைவர் வந்து, குத்துவிளக்கேற்றி, நாலு பேர் பேசி முடித்த பிறகுதான் சாப்பாடு என்றால் பயனில்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போட்டவர் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். அழைப்பிதழிலேயே "காலை 8 மணிக்குச் சிற்றுண்டி, 9 மணிக்குக் கூட்டம்" என்று போடுங்கள். தலைவர் வரத் தாமதமானாலும் 8 மணிக்கு மேசையைத் திறந்துவிடுங்கள்.