திருவண்ணாமலை மாவட்டத்தின் புவியியலும் மக்கள்தொகையும்

திருவண்ணாமலை மாவட்டம் தமிழ்நாட்டின் வடபகுதியில் அமைந்துள்ள மாவட்டங்களுள் ஒன்றாகும். இதன் தலைநகரம் திருவண்ணாமலை. முந்தைய வட ஆற்காடு மாவட்டம் 1989 செப்டம்பர் 30 அன்று இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது இது தோற்றுவிக்கப்பட்டது. படைவீட்டிலிருந்து 14ஆம் நூற்றாண்டில் ஆட்சி செய்த சம்புவராயர்களின் நினைவாக, தொடக்கத்தில் இது திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என வழங்கப்பட்டது. மாவட்டங்களுக்கு இடப்பட்டிருந்த தலைவர்கள், மன்னர்களின் பெயர்கள் 1997இல் நீக்கப்பட்டபோது இப்பெயரும் மறைந்தது. மாவட்டத்தின் பரப்பளவு 6,191 சதுர கிலோமீட்டர் ஆகும்.

வெளியூரார் பலரும் இம்மாவட்டத்தை அண்ணாமலையார் கோயிலைக் கொண்டே அறிவர். ஆயினும் 2011 கணக்கெடுப்பின்படி திருவண்ணாமலை நகரில் வாழ்ந்தோர் 1,45,278 பேர். அதாவது மாவட்ட மக்களில் ஏறத்தாழ பதினேழில் ஒருவர் மட்டுமே. ஏனையோரில் பெரும்பாலோர் ஏரிப்பாசன ஊர்களிலும், ஒரு பகுதியினர் சவ்வாது மலையிலும் வாழ்கின்றனர்.

புவியியல்

மாவட்டத்தின் வடக்கே வேலூர், இராணிப்பேட்டை மாவட்டங்களும், வடமேற்கே திருப்பத்தூர் மாவட்டமும், மேற்கே கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களும், தெற்கே கள்ளக்குறிச்சி, விழுப்புரம் மாவட்டங்களும், கிழக்கே காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களும் எல்லைகளாக உள்ளன. நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்ந்து செல்கிறது. மேற்கிலும் வடமேற்கிலும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான சவ்வாது மலை பரந்துள்ளது. சமவெளியின் நடுவே தனித்து நிற்கும் குன்றுகளில் அண்ணாமலையும் (சுமார் 814 மீட்டர்) பருவதமலையும் குறிப்பிடத்தக்கவை.

ஆறுகளில் தென்பெண்ணை, செய்யாறு, கமண்டலநாக நதி ஆகியவை முதன்மையானவை. கருநாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, மாவட்டத்தின் தென்மேற்கு ஓரமாகப் பாய்ந்து கடலூருக்கு அருகே கடலில் கலக்கிறது. இதன் குறுக்கே சாத்தனூரில் 1958இல் கட்டி முடிக்கப்பட்ட அணையின் கொள்ளளவு 732 கோடி கன அடியாகும். சவ்வாது மலையில் தோன்றும் செய்யாறு, செங்கம், கலசப்பாக்கம், செய்யாறு நகரம் வழியாக வடகிழக்காகச் சென்று, காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருமுக்கூடலில் பாலாற்றுடன் சேர்கிறது.

இவ்வாறுகளில் ஆண்டின் பெரும்பகுதியும் நீரோட்டம் இருப்பதில்லை. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இதில் பெரும்பங்கு தருகின்றன. எனவே மழை அறவே குறைந்த பகுதியென இதனைக் கூற இயலாது. பெய்யும் நீர் தங்குவதில்லை என்பதே இடர். நிலத்தடியின் பெரும்பகுதி கடினமான படிகப் பாறையாகும். பாறை வெடிப்புகளிலும் அதன் மேலுள்ள மெல்லிய சிதைவுப் படலத்திலும் மட்டுமே நீர் சேரும். இதனாலேயே முன்னோர் ஊருக்கு ஊர் ஏரி வெட்டினர். ஏரி நிரம்பினால் அதனடியிலுள்ள கிணறுகளும் ஊறும். ஏரி வறண்டால் கிணறுகளும் வறளும். நெல், கரும்பு ஆகியன நீருள்ள இடங்களிலும், மணிலா (நிலக்கடலை) மானாவாரி நிலங்களிலும் பயிரிடப்படுகின்றன.

மக்கள்தொகை

2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 24,64,875 ஆகும். 2001இல் இது 21,86,125 ஆக இருந்தது. பத்தாண்டு வளர்ச்சி 12.75 விழுக்காடு. அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 398 பேர் (மாநிலச் சராசரி 555). எழுத்தறிவு 74.21 விழுக்காடு; இது மாநிலச் சராசரியை விட ஏறத்தாழ ஆறு புள்ளிகள் குறைவாகும். நகர்ப்புறங்களில் வாழ்வோர் ஐந்தில் ஒரு பங்கினரே. தமிழ்நாடு முழுவதையும் நோக்க இது ஏறத்தாழ பாதியாகும். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப்போனதால் இவ்வெண்களே இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன.

இவற்றில் ஓர் எண்ணைத் தனித்து நோக்குதல் வேண்டும். ஆயிரம் ஆண்களுக்கு 994 பெண்கள் என்பது நிறைவளிக்கும் விகிதமாகத் தோன்றும். ஆனால் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை மட்டும் கணக்கிட்டால் இது 930 ஆகக் குறைகிறது. மாநிலச் சராசரியான 943ஐ விடவும் இது தாழ்வானது. பெரியோர் விகிதம் இக்குறையை மறைத்துவிடுகிறது.

ஆரணி பட்டு நெசவுக்கும் அரிசி ஆலைகளுக்கும், வந்தவாசி கோரைப்பாய்க்கும் பெயர் பெற்றவை. வந்தவாசி, ஆரணி, போளூர் வட்டாரங்களில் தமிழ்ச் சமணர்கள் இன்றும் வாழ்கின்றனர். போளூருக்கு அருகிலுள்ள திருமலை அவர்களுடைய தொன்மையான தலங்களுள் ஒன்று.

சவ்வாது மலை மக்கள்

மாவட்ட மக்களில் பழங்குடியினர் 3.69 விழுக்காட்டினர். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் சவ்வாது மலையில் வாழும் மலையாளி பழங்குடியினராவர். இப்பெயர் மலையில் வாழ்வோர் என்னும் பொருளது, கேரளத்துடன் தொடர்பற்றது. இவர்களின் தாய்மொழி தமிழே. சாமை பயிரிடுதலும் புளி, தேன் சேகரித்தலும் இவர்களுடைய தொழில்கள். ஜமுனாமரத்தூர் இம்மலையின் தலைமை ஊராகும். மலைநிலம் தரும் வருவாய் போதாமையால் பலர் வெளியிடங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்கின்றனர். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேசாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தோர் எனக் கூறி 20 பேரைக் காவல்துறையினர் சுட்டுக் கொன்றனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். மாவட்டச் சராசரிகள் இம்மலையூர்களின் நிலையைக் காட்டுவதில்லை.

மலையடி நகரம்

கணக்கெடுப்பு ஓரிடத்தில் வசிப்போரையே எண்ணுகிறது. திருவண்ணாமலையிலோ ஒவ்வொரு முழுநிலவு நாளிலும் இலட்சக்கணக்கானோர் அண்ணாமலையைச் சுற்றிய 14 கிலோமீட்டர் பாதையில் கிரிவலம் வருகின்றனர். கார்த்திகை தீபத்தன்று இத்தொகை பன்மடங்காகும். அவர்களுக்கும் சேர்த்தே நகரம் குடிநீரும் கழிவகற்றலும் தர வேண்டியுள்ளது. 2024இல் இந்நகராட்சி மாநகராட்சியாகத் தரமுயர்த்தப்பட்டது.

நகரம் வளர வளர, குடியிருப்புகள் மலைச்சரிவிலும் ஏறின. பெஞ்சல் புயலின் பெருமழையில் 2024 திசம்பர் 1 அன்று மலையின் ஒரு பகுதி சரிந்து வ.உ.சி. நகரில் வீடொன்றின் மேல் விழுந்ததில், ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தனர். அன்றிரவு சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது; தென்பெண்ணையின் கரையோர ஊர்கள் கடலூர் வரை வெள்ளத்தில் மூழ்கின. திசம்பர் 13 அன்று அவ்வாண்டின் தீபம் வழக்கம்போல் மலையுச்சியில் ஏற்றப்பட்டபோதிலும், மண்சரிவு அச்சத்தால் பொதுமக்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை.